வாடகையைப் பார்க்காதே, கட்டின வருஷத்தைப் பார்: சான்டா கிளாராவில் வீடு தேடிய கதை

போன வருஷம் மே மாதம் மச்சினன் டெக்சாஸில் உள்ள ஆஸ்டினிலிருந்து ஃபோன் செய்தான். சன்னிவேலில் வேலை கிடைத்திருக்கிறது, ஆபீஸ் மோஃபட் பார்க்கில், வாரத்துக்கு நாலு நாள் நேரில் போயாக வேண்டும், ஜூலைக்குள் குடும்பத்தோடு வந்துவிட வேண்டும். "அத்தான், ஒரு எக்செல் ஷீட் அனுப்பியிருக்கேன். பார்த்து, எதுன்னு சொல்லுங்க" என்றான்.

ஷீட்டில் பதினேழு வீடு. வாடகை, சதுர அடி, ஆபீஸுக்கு எத்தனை மைல், பள்ளிக்கு எத்தனை மார்க், நீச்சல் குளம் உண்டா என்று பத்துப் பன்னிரண்டு கட்டம். வாடகை குறைந்தது மேலே, கூடியது கீழே. பையன் உழைத்திருக்கிறான். ஆனால் எனக்கு முக்கியமாகப்பட்ட ஒரு கட்டம் அதில் இல்லை: அந்தக் கட்டடம் எந்த வருஷம் கட்டியது?

நான் கலிஃபோர்னியாவின் இந்த சான்டா கிளாரா கவுன்ட்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி; சன்னிவேல், சான் ஹோசே எல்லாம் இதற்குள்தான்) வந்து பதினோரு வருஷம் ஆகிறது. நாலு வீடு மாறியாயிற்று: புது காம்ப்ளக்ஸ், பழைய அபார்ட்மென்ட், தனி ஓனரிடம் டவுன்ஹவுஸ் (பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய மாடி வீடு), நடுவில் ஒன்றரை வருஷம் கவுன்ட்டி எல்லை தாண்டி ஃப்ரீமான்ட். மச்சினன் பட்டியலில் இருந்த பதினேழும் இந்த நாலு வகைக்குள்தான் வந்தன. அவனுக்கு ஃபோனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கோர்வையாக எழுதுகிறேன். டாலர் கணக்கு எல்லாம் போன கோடையில் நாங்கள் நேரில் பார்த்த, லீசிங் ஆபீஸில் கேட்ட இரண்டு பெட்ரூம் வீடுகளின் கணக்கு.

முதலில் சந்தை எப்படி இருக்கிறது என்று கொஞ்சம். ஆஸ்டினிலிருந்து வருகிறவனுக்கு இது பெரிய அதிர்ச்சி. அங்கே கட்டித் தள்ளினார்கள். வீடு அதிகமானதும் வாடகை இறங்கியது, லீஸ் புதுப்பிக்கும்போது பேரம் பேசி அவன் வாடகையைக் குறைத்தே வாங்கியிருக்கிறான். இங்கே அந்தக் கதை நடக்காது. 19 லட்சம் பேர் இருக்கிற கவுன்ட்டி. பதினைந்து ஊர்கள், பதினைந்துக்கும் தனித்தனி நகராட்சி விதிகள். கட்டுவதற்கு இடமும் குறைவு, அனுமதி வாங்குவதும் நாளாகும். 2022இலிருந்து வட்டி ஏறியதால், அனுமதி வாங்கியவர்களே கட்ட யோசிக்கிறார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மட்டும்தான் இந்த ஊர் வாடகை கண்முன்னே சரிந்ததைப் பார்த்தேன். ஆபீஸ் போக வேண்டாம் என்றதும் ஆட்கள் லேப்டாப்போடு டெக்சாஸுக்கும் இடாஹோவுக்கும் கிளம்பிவிட்டார்கள். 'இரண்டு மாத வாடகை இலவசம்' என்று எல் கமீனோ ரியல் சாலை நெடுகப் பலகை தொங்கியது. 2021 கோடையிலேயே திரும்ப ஏறத் தொடங்கிவிட்டது. 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பு செய்தபோது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். அப்புறம் ஆபீஸுக்கு வா என்ற கட்டளையும் ஏஐ வேலைகளும் சேர்ந்து மறுபடி தள்ளிவிட்டன.

வாங்கலாமே என்று ஊரிலிருந்து மாமனார் கேட்பார். சான் ஹோசே வட்டாரத்தில் ஒரு தனி வீட்டின் நடுத்தர விலை 2024இல் 20 லட்சம் டாலரைத் தாண்டியது. நாலு லட்சம் கையிலிருந்து போட்டு, மீதிக்கு ஆறரை சதவீத வட்டியில் முப்பது வருஷக் கடன் எடுத்தால் மாதத் தவணை மட்டும் 10,100 டாலர். சொத்து வரி தனி. அதே வீட்டை வாடகைக்கு எடுத்தால் இதில் பாதி அளவுக்குள் முடியும். அதனால் நல்ல சம்பளக்காரர்களும் வருஷக்கணக்கில் வாடகை வீட்டிலேயே இருக்கிறார்கள், வாடகைப் போட்டியும் குறைவதில்லை.

சரி, வீடுகளுக்கு வருவோம்.

மச்சினன் மனதில் முதலிடத்துக்குப் போட்டி போட்டவை இரண்டு. ஒன்று, வடக்கு சான் ஹோசேயில் ஐந்தாறு வருஷம் முன்பு கட்டிய காம்ப்ளக்ஸ். பட்டியல் வாடகை 3,600. ஆனால் ஆறு வாரம் இலவசம் என்பதால் மாதத்துக்கு 3,185 என்று அவன் போட்டிருந்தான். இன்னொன்று, மேற்கு சான் ஹோசேயில் 1972இல் கட்டிய இரண்டு மாடி அபார்ட்மென்ட், 3,150. வித்தியாசம் 35 டாலர். 35 டாலருக்கு நீச்சல் குளம், ஜிம், வீட்டுக்குள்ளேயே வாஷிங் மெஷின், ஏசி எல்லாம் கிடைக்கிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? அவன் மனதுக்குள் முடிவே செய்துவிட்டான். என் வேலை அதைக் கலைப்பது.

ஆறு வாரம் இலவசம் என்பது முதல் வருஷத்து இனிப்பு. லீஸில் எழுதியிருக்கும் வாடகை 3,600தான். அடுத்த வருஷம் புதுப்பிப்புக் கடிதம் வரும்: புது வாடகை 3,700. கடிதத்தைப் படித்தால் 2.8 சதவீத ஏற்றம், நியாயமான கம்பெனிதான் என்று தோன்றும். ஆனால் போன வருஷம் உங்கள் பையிலிருந்து சராசரியாகப் போனது 3,185. இந்த வருஷம் போகப்போவது 3,700. அது 16 சதவீதம். இதில் சட்டத்தை மீறுவது எதுவும் இல்லை. கலிஃபோர்னியாவின் வாடகை உச்சவரம்புச் சட்டம்கூட, லீஸில் தனியாகக் காட்டிய சலுகையைக் கழிக்காமல், மொத்த வாடகையை வைத்துத்தான் சதவீதம் பார்க்கும்.

அந்தச் சட்டமும் இந்தக் கட்டடத்துக்குப் பொருந்தாது. இங்கேதான் கட்டின வருஷம் வருகிறது. 2019இல் நிறைவேறி 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி, வருஷத்துக்கு 5 சதவீதமும் விலைவாசி உயர்வும் சேர்ந்த அளவுக்குத்தான் வாடகை ஏற்றலாம். எப்படிக் கூட்டினாலும் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு வருஷம் குடியிருந்துவிட்டால் காரணமில்லாமல் காலி செய்யச் சொல்லவும் முடியாது. ஆனால் கட்டி பதினைந்து வருஷம் ஆகாத கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. இந்தப் பதினைந்து நகர்ந்துகொண்டே இருக்கும் கணக்கு: 2012இல் கட்டியது 2027இல் சட்டத்துக்குள் வந்துவிடும். பளபளப்பாக, ஆனால் பதினாலு வயதில் ஒரு காம்ப்ளக்ஸ் கிடைத்தால் அது நல்ல பிடி. ஐந்து வயதுக் கட்டடத்தில் ஏற்றத்துக்கு மேல் எல்லையே இல்லை. 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் 30 நாளுக்குப் பதில் 90 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், அவ்வளவுதான்.

இந்த காம்ப்ளக்ஸ்களில் லீசிங் ஆபீஸ் பெண்ணிடம் கெஞ்சிப் பயனில்லை. அவளுக்கு முன்னால் இருக்கும் திரை சொல்வதுதான் விலை. காலையில் 3,600, மதியம் 3,645 என்று மாறும். பல காம்ப்ளக்ஸ்கள் ஒரே மென்பொருளை வைத்து விலை போடுவதால் போட்டியே இல்லாமல் போகிறது என்று குற்றம் சாட்டி, அமெரிக்க நீதித்துறை 2024 ஆகஸ்டில் அந்த மென்பொருளைச் செய்யும் ரியல்பேஜ் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. பக்கத்து காம்ப்ளக்ஸில் விலை கேட்டு வந்து இங்கே பேரம் பேசலாம் என்ற நம் பழைய உத்தி ஏன் எடுபடவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இன்னொன்று, 3,600க்கு மேல் ஒட்டிக்கொண்டு வருபவை. இரண்டாவது காருக்குப் பார்க்கிங், குப்பை, தண்ணீர், கழிவுநீர், பூச்சி மருந்து, இந்த பில்லையெல்லாம் போட்டுத் தருவதற்கே ஒரு கட்டணம். நாங்கள் பார்த்த இடத்தில் கூட்டினால் மாதம் 210 டாலர் வந்தது. பழைய அபார்ட்மென்டில் தண்ணீரும் குப்பையும் வாடகைக்குள்ளேயே, கார் நிறுத்த கூரை போட்ட ஒரு இடம் சும்மா.

புது காம்ப்ளக்ஸுக்கு ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். அவனுடைய ஆபீஸுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. டாஸ்மன் டிரைவ் நெடுக ஓடும், கவுன்ட்டிப் போக்குவரத்து நிறுவனமான விடிஏவின் ஆரஞ்சு லைன் ரயில் நேரே மோஃபட் பார்க்குக்குள் போகிறது. 237ஆம் நெடுஞ்சாலையில் காலை வேளையில் ஊர்ந்து போகிற கார்களை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். (2025 மார்ச்சில் விடிஏ ஊழியர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோது அந்த ரயிலை நம்பி கார் வாங்காமல் இருந்தவர்கள் பட்ட பாடும் எனக்குத் தெரியும்.) தனி ஆளாகவோ, குழந்தை இல்லாத ஜோடியாகவோ, ஒரே வருஷம் இருந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களாகவோ இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போங்கள். முதல் வருஷ இனிப்பைத் தின்றுவிட்டு அடுத்த காம்ப்ளக்ஸ், அதன் இனிப்பு என்று வருஷாவருஷம் மாறுகிற பையன்களை எனக்குத் தெரியும். ஆறு வயதுப் பெண்ணைப் பள்ளியில் சேர்த்துவிட்டு அப்படித் தாவ முடியாது.

இனி பழையது. சான் ஹோசே நகருக்கென்று தனி வாடகைச் சட்டம் இருக்கிறது: 1979 செப்டம்பர் 7க்கு முன் கட்டிய, மூன்று அல்லது அதற்கு மேல் குடித்தனம் உள்ள அபார்ட்மென்ட்களில் வருஷத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. 1972 கட்டடம் இதற்குள் வருகிறது. 3,150 என்று உள்ளே போனால் அடுத்த வருஷம் அதிகபட்சம் 3,307. அதற்கடுத்த வருஷம் 3,472. மோசமான வருஷத்திலும் இதுதான் கூரை. சன்னிவேல், சான்டா கிளாரா, கூபர்டினோ ஊர்களில் இப்படித் தனி உச்சவரம்பு கிடையாது. மாநிலச் சட்டத்தின் 10 சதவீதம் வரையிலான கணக்கு மட்டும்தான். பாலிஞ்சர் ரோட்டில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் கூபர்டினோ, எதிர்ப் பக்கம் சான் ஹோசே. ஒரே காலத்தில், ஒரே சாயத்தில் கட்டியவை போலிருக்கும் இரண்டு அபார்ட்மென்ட். சான் ஹோசே பக்கம் 5, கூபர்டினோ பக்கம் 10. தெருவைக் கடப்பதற்கு இவ்வளவு விலை என்று புரோக்கர் யாரும் சொல்லமாட்டார்கள்.

மவுன்டன் வியூவிலும் 2016 நவம்பரில் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த வாடகைக் கட்டுப்பாடு உண்டு. 1995 பிப்ரவரிக்கு முன் கட்டிய அபார்ட்மென்ட்களுக்கு விலைவாசி உயர்வு அளவுக்குத்தான் ஏற்றம், குறைந்தது 2, கூடிப்போனால் 5 சதவீதம். சட்டமாகப் பார்த்தால் கவுன்ட்டியிலேயே இதுதான் உறுதியானது. ஆனால் அங்கே நுழைகிற விலையே அதிகம். நாங்கள் பார்த்த பழைய இரண்டு பெட்ரூம் ஒன்று 3,700 சொன்னார்கள்.

ஏனென்றால் இந்தக் கட்டுப்பாடெல்லாம் குடியிருப்பவருக்குத்தான், வீட்டுக்கு அல்ல. ஒருவர் காலி செய்துவிட்டால் அடுத்தவரிடம் ஓனர் சந்தை விலையைக் கேட்கலாம். 1995இல் வந்த காஸ்டா-ஹாக்கின்ஸ் என்ற மாநிலச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. அதனால் பழைய அபார்ட்மென்டின் லாபம் முதல் நாளில் தெரியாது, இருக்க இருக்கத்தான் ஊறும். நான் பழைய அபார்ட்மென்டில் இருந்தபோது கீழ்வீட்டில் ஒரு வியட்நாமியப் பாட்டி, இருபது வருஷமாக அங்கேயே. என் வாடகையில் பாதிகூட அவர் கொடுக்கவில்லை. அவருடைய சமையலறை ஜன்னலும் என்னுடையதும் ஒரே அளவு.

மச்சினனுக்காக நானும் மனைவியும் அந்த 1972 வீட்டைப் பார்க்கப் போனோம். சாயங்காலம் ஏழரைக்குப் போனோம், வேண்டுமென்றே. பகலில் போனால் தெருவில் கார் நிறுத்த இடம் இருப்பது போலத் தெரியும். ஏழரைக்குப் போனால்தான் உண்மை தெரியும். இரண்டு சுற்று சுற்றி, மூன்றாவது தெருவில் நிறுத்தினோம். மேனேஜர் அதே காம்ப்ளக்ஸில் குடியிருப்பவர், கையில் சாவிக்கொத்தோடு வந்தார். ஹாலில் புதுத் தரை, சுவரெல்லாம் புது வெள்ளை. மனைவி நேராக அடுப்பிடம் போனாள். மேலே இருந்த புகைபோக்கியைப் போட்டுக் கையை முகத்துக்கு நேரே பிடித்தாள். "காத்து என் மூஞ்சிலதான் அடிக்குது." அதாவது புகையை வெளியே தள்ளாது, உறிஞ்சித் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடும். கடுகு தாளித்தால் ஸ்மோக் அலாரம் கூவும். இந்த ஒன்றைக் கவனிக்காமல் லீஸ் போட்டு, வருஷம் முழுக்க மாப்பிள்ளை டவலை வீச, பெண்டாட்டி தாளிக்க என்று ஓட்டிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அடுப்பும் மின்சாரச் சுருள் அடுப்பு. தோசைக்குச் சூடு ஏறப் பொறுமை வேண்டும்.

படுக்கையறையில் ஜன்னலுக்குக் கீழே நீளமாக ஒரு தகரப் பெட்டி. அதுதான் ஹீட்டர், மின்சாரத்தில் ஓடுவது. ஏசி இல்லை. செப்டம்பரில் ஒரு வாரம் கொதிக்கும், மற்றபடி சமாளிக்கலாம். ஆனால் டிசம்பர், ஜனவரியில் அந்தத் தகரப் பெட்டி இந்த வட்டார மின்சாரக் கம்பெனியான பிஜி அண்ட் ஈயின் பில்லை மூன்று மடங்காக்கும். இங்கே ஒரு உபகதை. சான்டா கிளாரா (கவுன்ட்டி அல்ல, அதே பெயருள்ள ஊர்) தனக்கென்று சிலிக்கான் வேலி பவர் என்ற நகராட்சி மின்சார நிறுவனம் வைத்திருக்கிறது. யூனிட் விலை பிஜி அண்ட் ஈ விலையில் பாதிக்கும் குறைவு. மின்சார ஹீட்டர், மின்சார அடுப்பு, மின்சாரக் கார் மூன்றும் உள்ள வீட்டுக்கு இது வாடகையில் நூறு, நூற்றைம்பது டாலர் குறைந்த மாதிரி. மச்சினன் ஷீட்டில் இரண்டாவதாகச் சேர்க்கச் சொன்ன கட்டம் இதுதான்.

துணி துவைக்கக் கீழே பொது அறை. நாலு மெஷின், இருபத்தெட்டு வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை வரிசை. இதையும் மறைக்காமல் சொல்லிவிட்டோம்.

பள்ளி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஊர்ப் பெயரை வைத்துப் பள்ளியை முடிவு செய்யாதீர்கள். சான் ஹோசே முகவரியில் இருந்துகொண்டே கூபர்டினோ பள்ளி மாவட்டத்துக்குள் வரும் தெருக்கள் மேற்கு சான் ஹோசேயில் நிறைய உண்டு. அடுத்த தெரு மோர்லண்ட் மாவட்டமாக இருக்கும். சன்னிவேலிலோ கேட்கவே வேண்டாம்: ஒரே ஊரில் சில தெரு கூபர்டினோ மாவட்டம், சில தெரு சன்னிவேல் மாவட்டம், சில தெரு சான்டா கிளாரா மாவட்டம். உயர்நிலைப் பள்ளி மாவட்டத்துக்கு ஃப்ரீமான்ட் யூனியன் என்று பெயர். ஃப்ரீமான்ட் ஊருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. லிஸ்டிங்கில் போட்டிருப்பதை நம்பாமல், பள்ளி மாவட்டத்தின் தளத்தில் முகவரியைப் போட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி. கூபர்டினோ பள்ளிகளுக்காகவே அலைமோதிய காலமும் மாறிவருகிறது. குடும்பங்கள் விலை தாங்காமல் கிளம்பியதால் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து, கூபர்டினோ யூனியன் மாவட்டமே 2021இல் ரெக்னார்ட், மெயர்ஹோல்ஸ் தொடக்கப் பள்ளிகளை மூட முடிவெடுத்தது.

மூன்றாவது வகை, தனி ஓனரின் டவுன்ஹவுஸ் அல்லது தனி வீடு. நம் ஆட்களுக்கு இதில்தான் ஆசை. வாட்ஸ்அப் குழுவில் வரும்: மூன்று பெட்ரூம், சான்டா கிளாரா, 4,300, சைவம் என்றால் மகிழ்ச்சி. ஓனர் தெலுங்கோ தமிழோ, 2021இல் 3 சதவீத வட்டியில் கடனைப் புதுப்பித்தவர். அந்தக் கடனை விட மனதில்லாமல், பெரிய வீட்டுக்கு மாறியபின் இதை விற்காமல் வாடகைக்கு விடுகிறார். நல்ல குடித்தனம் கிடைத்தால் வாடகை ஏற்றவே யோசிப்பார். கராஜ் உண்டு, கொல்லையில் கறிவேப்பிலைச் செடி வைக்கலாம், புகைபோக்கி வெளியே போகும்.

நாங்களும் அப்படி ஒரு டவுன்ஹவுஸில் மூன்று வருஷம் இருந்தோம். ஒரு டாலர் ஏற்றவில்லை. தீபாவளிக்கு இரண்டு வீட்டுக்கும் பலகாரம் போய்வந்தது. ஒரு மார்ச் மாதம் ஓனர் வந்து காபி குடித்துவிட்டு, மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அவனுக்கு வீடு வேண்டும் என்றார். 60 நாள். பள்ளிக்கூடம் முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. சட்டம் அவர் பக்கம்தான். தனி ஆட்கள் பெயரில் உள்ள வீடுகளுக்கும் டவுன்ஹவுஸ்களுக்கும் மாநிலச் சட்டத்தின் உச்சவரம்பும் இல்லை, காரணம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தவருக்கு 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்தால் போதும். அவரைக் குறை சொல்ல முடியாது, ஆனால் அந்த மே மாதத்தை என் மனைவி இன்னும் மறக்கவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த விலக்கு சும்மா கிடைப்பதில்லை. 'இந்த வீடு இன்ன சட்டத்துக்கு உட்பட்டதல்ல' என்ற குறிப்பை ஓனர் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விலக்கு செல்லாது. நண்பர் கணக்கில் இரண்டு பக்கக் காகிதத்தில் லீஸ் எழுதும் ஓனர்கள் பலருக்கு இது தெரியாது. எங்கள் ஓனருக்குத் தெரிந்திருந்தது. லீஸ் போடும்போதே ஒன்றுக்கு இரண்டு வருஷமாகக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்லது; லீஸ் முடியும்வரை மகன் கல்யாணமானாலும் கிளப்ப முடியாது.

நாலாவது, எல்லை தாண்டி அலமேடா கவுன்ட்டியில் ஃப்ரீமான்ட். அதே தரத்து இரண்டு பெட்ரூம் 2,800 என்று பார்த்தோம். வீட்டு வாசலிலேயே தமிழ் கேட்கும். கலிஃபோர்னியா தமிழ்க் கழகத்துக்குக் கூபர்டினோவைப் போல அங்கேயும் கிளை உண்டு, கோயில் உண்டு, கொத்தமல்லி ஒரு கட்டு வாங்க எட்டு மைல் போக வேண்டியதில்லை. 2017இல் வார்ம் ஸ்பிரிங்ஸ் வரை வந்த பார்ட் ரயில் 2020 ஜூனில் மில்பிடாஸுக்கும் பெரியெஸ்ஸாவுக்கும் நீண்டுவிட்டது. வார்ம் ஸ்பிரிங்ஸில் ஏறினால் அடுத்த நிறுத்தம் மில்பிடாஸ். அங்கே இறங்கி முன்பு சொன்ன ஆரஞ்சு லைனைப் பிடித்தால் மோஃபட் பார்க். மாறிப் போவதற்குப் பொறுமை இருந்தால் காரே வேண்டாம்.

கார்தான் என்றால் 880, 237 நெடுஞ்சாலைகளில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். வாரத்துக்கு இரண்டு நாள் ஆபீஸ் என்றால் ஃப்ரீமான்ட் சுலபமான முடிவு. நான் அங்கே இருந்தபோது வாரம் ஐந்து நாள். மிச்சமான 400 டாலரை சாலையில் கழித்துவிட்டேன் என்றுதான் சொல்வேன். நாலு நாள் என்பது கோட்டின் மேல் நிற்கிற எண். மச்சினனுக்கு இன்னொரு சிக்கல்: ஹெச்1பி வேலை விசா. வேலை போனால் 60 நாளுக்குள் அடுத்த வேலை தேட வேண்டிய நிலையில், ஆபீஸ்கள் குவிந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

(அறை மட்டும் வாடகைக்கு எடுப்பது, கொல்லைப்புறத்தில் கட்டிய சின்ன வீடுகள், இவை குடும்பத்துக்கு ஒத்துவராது, விட்டுவிட்டோம். புதிதாக இந்தியாவிலிருந்து வந்து கிரெடிட் வரலாறே இல்லாத தனி ஆளுக்கு முதல் ஆறு மாதத்துக்கு அதுதான் சரி.)

ஹெச்1பி என்றதும் எல்லாரும் கேட்பது: லீஸை நடுவில் முறித்தால் மீதி மாதம் அத்தனைக்கும் பணம் கட்ட வேண்டுமா? வேண்டாம். கலிஃபோர்னியாவில் ஓனர் அடுத்த குடித்தனத்தை நியாயமான முயற்சி எடுத்துத் தேட வேண்டும். ஆள் கிடைக்கும்வரை உள்ள நஷ்டம்தான் உங்கள் பொறுப்பு. தேவை குறையாத இந்த கவுன்ட்டியில் அது பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் முடிந்துவிடும்.

டெபாசிட் விஷயத்தில் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்த ஊர் சொர்க்கம். 2024 ஜூலை 1 முதல் ஒரு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக் கூடாது; ஒன்றிரண்டு வீடு மட்டும் வைத்திருக்கும் சிறு ஓனர்கள் இரண்டு மாதம் வரை கேட்கலாம். காலி செய்த 21 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், பிடித்தால் கணக்கு காட்ட வேண்டும். எங்கள் புது காம்ப்ளக்ஸில் மஞ்சள்பொடி கொட்டிய ஒரு கறைக்கு முழுக் கம்பளத்தின் விலையைப் பிடித்தார்கள். பல வருஷம் மிதிபட்ட கம்பளத்துக்குப் புதுக் கம்பளத்தின் விலையைக் கேட்க முடியாது என்று ஒரு கடிதம் எழுதினேன். முக்கால்வாசி திரும்ப வந்தது. உள்ளே போகும் நாளிலேயே ஒவ்வொரு அறையையும், அடுப்புக்குள், சிங்குக்கு அடியில் எல்லாம் ஃபோட்டோ எடுத்து மேனேஜருக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். ஃபிரிட்ஜும் அடுப்பும் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய அவசியம் இனி இல்லை. 2026 ஜனவரி முதல் போடும் லீஸ்களில் இரண்டும் ஓனர் பொறுப்பு.

எப்போது தேடுவது என்பதும் ஒரு தேர்வுதான். ஜூன், ஜூலை உச்சம். பள்ளி திறப்பதற்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் மோதுவார்கள். நவம்பரிலிருந்து ஜனவரிவரை காற்றாடும், அதே வீடு நூறிலிருந்து இருநூறு டாலர் குறையும். மச்சினனுக்கு ஜூலையைத் தவிர வழியில்லை. அதனால் 12 மாத லீஸுக்குப் பதில் 16 மாதம் கேட்கச் சொன்னேன். அப்போது லீஸ் நவம்பரில் முடியும். புதுப்பிப்புப் பேச்சு வரும்போது காலி வீடு அவர்களுக்குப் பயம், நமக்கு அல்ல.

அவன் ஷீட்டை இரண்டாம் வருஷ வாடகைப்படி மறுபடி அடுக்கினான். ஒட்டுக் கட்டணம், மின்சாரம், சாலைச் சுங்கம் எல்லாம் கூட்டியபின், அவன் மனதில் முதலிடத்தில் இருந்த வடக்கு சான் ஹோசே பதினொன்றுக்கு இறங்கியது. ஃப்ரீமான்ட் முதலிடம். 1972 அபார்ட்மென்ட் இரண்டு. மூன்றாவதாக சான்டா கிளாராவில் ஒரு பழைய அபார்ட்மென்ட், மின்சாரத்தின் புண்ணியத்தில். தங்கச்சி, அதாவது அவன் மனைவி, ஷீட்டைப் பார்க்கவில்லை. "தினம் ரெண்டு மணி நேரம் இவர் ரோட்டுல இருந்தா பாப்பாவ யாரு கூட்டிட்டு வர்றது?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள்.

1972தான் எடுத்தார்கள், பதினாறு மாதத்துக்கு. மேனேஜரிடம் கெஞ்சி, படிக்கட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கார் நிறுத்த மாதம் 40 டாலருக்கு இடமும் வாங்கிவிட்டான். சாம்பார் தாளிக்கும்போது சமையலறை ஜன்னலைத் திறந்து டேபிள் ஃபேனை வெளியே பார்த்துத் திருப்பி வைக்கிறார்கள். கோடையில் சரியாகத்தான் இருந்தது. இப்போது அந்த நேரத்தில் பாப்பா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.